பெட்ரோல் கம்பெனியைக் கேட்டுப் பெட்ரோலுக்கு விதி எழுதலாமா?

"நியூசிலாந்தில் பெட்ரோல், டீசலைக் கார்பன் சந்தைக்குள் கொண்டுவந்தபோது எண்ணெய்க் கம்பெனி ஆட்களையே ஆலோசனைக் குழுவில் உட்காரவைத்து விதி தயாரித்தார்களாம். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதை இல்லையா இது? இந்தியாவில் வந்தாலும் இப்படித்தான் நடக்குமா?" இதுதான் கேள்வி. இதற்குள் இரண்டு சந்தேகங்கள் சேர்ந்து கிடக்கின்றன. அவர்களை ஏன் கூப்பிட வேண்டும் என்பது ஒன்று. கூப்பிட்டால் எதைத் தட்டிக்கொண்டு போவார்கள் என்பது இன்னொன்று. முதலாவதற்கு என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதில் பாதிதான் உறுதி, மீதி ஊகம். எது எது என்று பிரித்தே சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. வேதிப் பொறியியல் படித்துவிட்டு, ஆக்லாந்தில் ஓர் எரிபொருள் நிறுவனத்தில் 13 வருடம் இருப்புக் கணக்கும் உமிழ்வு அறிக்கையும் பார்த்தவன் நான். அந்த ஆலோசனைக் குழுவில் நான் இருந்ததில்லை. அது முடிவு செய்த விதிகளை வைத்து வருடாவருடம் மார்ச் 31-க்குள் அரசுக்குக் கணக்குக் கொடுத்த பல பேரில் ஒருவன். அதனால் என் பார்வை கம்பெனி மேஜையிலிருந்து பார்த்த பார்வை, அதைக் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

நியூசிலாந்தின் உமிழ்வு வர்த்தகச் சட்டம் 2008 செப்டம்பரில் நிறைவேறியது. காடுகள் முதலில் உள்ளே வந்தன. பெட்ரோல், டீசல் 2009-இல் வரவேண்டும் என்பது முதல் திட்டம். அதை 2011-க்குத் தள்ளினார்கள். அப்புறம் ஆட்சி மாறி, புதிய அரசு 2010 ஜூலை 1 என்று தேதி வைத்தது. அந்தத் தேதியில் வந்தும் விட்டது. ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஓர் அலகு, அதாவது சந்தையில் வாங்கி விற்கக்கூடிய ஓர் அனுமதி. அந்த அலகை வாங்கி அரசிடம் ஒப்படைக்கும் பொறுப்பு கார் ஓட்டுகிறவருக்கு இல்லை, பெட்ரோல் பங்க்குக்கும் இல்லை. எண்ணெயை நாட்டுக்குள் இறக்குகிற அல்லது சுத்திகரிப்பு ஆலையிலிருந்து எடுக்கிற கம்பெனிக்கு. லட்சக்கணக்கான வண்டிகளின் புகைக்குழாயில் மீட்டர் மாட்ட முடியாது. ஆனால் அப்போது அந்த நாட்டுக்குள் எண்ணெய் வரும் வாசல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மார்ஸ்டன் பாயின்ட்டில் ஒரே ஒரு சுத்திகரிப்பு ஆலை, அதற்கு மேல் சில இறக்குமதித் துறைமுகங்கள். பிபி, மொபில், கால்டெக்ஸ், ஷெல் என்று நான்கு பெரிய பெயர்கள், தனியாக இறக்குமதி செய்யும் கல் என்று ஒரு சிறிய கம்பெனி. வாசலில் நின்று எண்ணினால் போதும் என்பது பொருளாதாரம் படித்த யாருக்கும் தோன்றும். வாசல் என்றால் துல்லியமாக எந்த இடம் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

இங்கேதான் கம்பெனி ஆட்கள் தேவைப்பட்டார்கள். நியூசிலாந்தில் பெரிய கம்பெனிகள் ஊருக்கு ஊர் தனித்தனி டேங்க் வைத்துக்கொள்ளவில்லை. ஒருவர் டேங்கிலிருந்து இன்னொருவர் எடுப்பார், வேறோர் ஊரில் திருப்பிக் கொடுப்பார். கடன் வாங்கல், கடன் கொடுத்தல் என்றே அந்த ஏற்பாட்டுக்குப் பெயர். பக்கத்து வீட்டில் ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கி, மாசம் பிறந்ததும் திருப்பிக் கொடுப்பது போலத்தான், அளவுதான் லட்சம் லட்சம் லிட்டர். ஊர் டிப்போவில் டேங்கர் லாரி நிரப்பும் இடத்தில் பொறுப்பை வைத்திருந்தால், அந்த லிட்டர் யாருடையது என்று தினமும் சண்டை வந்திருக்கும். ஆலை வாசலிலும் சுங்க வாசலிலும் வைத்ததால் அந்தச் சண்டை இல்லை. டேங்க்குகளுக்குள் எண்ணெய் எப்படிக் கைமாறுகிறது என்பதை எந்த அமைச்சக அதிகாரியும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது.

கலிஃபோர்னியா இதே கேள்விக்கு வேறு பதில் வைத்திருக்கிறது. அங்கே 2015 ஜனவரி 1-இல் போக்குவரத்து எரிபொருள் உமிழ்வு உச்சவரம்புத் திட்டத்துக்குள் வந்தபோது, டெர்மினலில், அதாவது எண்ணெய்க் கிடங்கில், லாரி நிரப்பும் இடத்தில் எண்ணெய் யார் கணக்கில் இருக்கிறதோ அவர்மேல் பொறுப்பைப் போட்டார்கள். ஐரோப்பாவின் புதிய திட்டத்தில் எண்ணெய் கலால் வரிக் கிடங்கைத் தாண்டும்போது பொறுப்பு விழும். மூன்றும் சரியான பதில்கள்தான். அந்தந்த ஊரில் எரிபொருள் வரி எந்த வழியாகப் போகிறதோ, கார்பன் கணக்கும் பெரும்பாலும் அந்த வழியிலேயே போகும். வரி வசூலாகும் இடத்தில் ஏற்கெனவே மீட்டர் இருக்கும், பதிவேடு இருக்கும், தப்புச் செய்தால் தண்டனையும் இருக்கும்.

அடுத்தது லிட்டரை டன்னாக மாற்றுவது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு, டீசல் என்றால் சுமார் 2.7 கிலோ. சரி, எந்த லிட்டர்? பெட்ரோல் ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். அதனால் வியாபாரத்தில் லிட்டர் என்றால் 15 டிகிரி செல்சியஸுக்குத் திருத்திய லிட்டர். நம் ஊர் பங்க்கில் அடர்த்தி என்று ஓர் எண் எழுதி வைத்திருப்பதும் அதே 15 டிகிரிக்கான கணக்குதான். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு வருடம், கப்பலில் வந்த 3 கோடி லிட்டர் பெட்ரோலை இறக்கிய அன்றைய சூட்டிலேயே கணக்கில் ஏற்றிவிட்டார்கள். 15 டிகிரியிலிருந்து 8 டிகிரி வித்தியாசம். இரண்டரை லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் குறைய, அதாவது 550 டன் அளவுக்குப் பொய்யான உமிழ்வு. அறிக்கை அனுப்புவதற்கு இரண்டு நாள் முன்னால்தான் கண்ணில் பட்டது. யாரும் ஏமாற்ற நினைக்கவில்லை, உண்மையில் எங்களுக்குத்தான் அது நட்டம். விதி எழுதும் மேஜையில் இந்த மாதிரிக் கணக்குத் தெரிந்த ஒருவர் இல்லாவிட்டால் வருடம் முழுக்க இதே கூத்துதான். கலந்து விற்கும் எத்தனால், உயிரி டீசல் பங்கைக் கழிப்பது, சர்வதேசக் கப்பலுக்கும் விமானத்துக்கும் போவதைக் கழிப்பது என்று இந்த வகை நுணுக்கம் நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள்.

இதுவரை உறுதியானது. இனி பால் இருக்கும் இடத்துக்கு வருவோம்.

குழுவில் உட்கார்ந்த எண்ணெய்க் கம்பெனி இலவச அலகு கேட்டு அழும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். இரும்பு, அலுமினியம் ஆலைகள் அப்படித்தான் செய்தன, வாங்கவும் வாங்கின. உலகச் சந்தை விலைக்கு விற்கிறவன் கார்பன் செலவை விலையில் ஏற்ற முடியாது என்பது அவர்கள் வாதம். பெட்ரோல் விற்கிறவனுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. போட்டியாளர் எல்லாருக்கும் ஒரே செலவு, எல்லாரும் ஒரே நாளில் விலையில் ஏற்றலாம். 2010-இல் அரசு இரண்டு சலுகை வைத்திருந்தது: இரண்டு டன்னுக்கு ஓர் அலகு கொடுத்தால் போதும், அலகு வாங்காமல் அலகுக்கு 25 நியூசிலாந்து டாலர் என்று அரசிடம் கட்டியும் விடலாம். 2.3 கிலோவை இந்த விலையில் போட்டுப் பாதியாக்கினால் லிட்டருக்கு 2.9 சென்ட், விற்பனை வரியோடு 3 சென்ட் சொச்சம். அதைத்தான் வண்டி ஓட்டினவர்கள் கொடுத்தார்கள். திரவ எரிபொருளுக்கு இலவச ஒதுக்கீடு கிடையாது, கம்பெனிகளுக்கு அது பெரிய வருத்தமும் இல்லை.

அவர்களுக்கு வேறு மூன்று விஷயங்கள் முக்கியம். போட்டிக் கம்பெனிக்குத் தனியாக ஓட்டை எதுவும் இருக்கக் கூடாது. கணினியை மாற்ற, ஒப்பந்தத்தைத் திருத்த நேரம் வேண்டும். அலகு விலை எகிறினால் தலையில் விழாமல் ஒரு கூரை வேண்டும். முதல் இரண்டும் நியாயம் என்றே நான் நினைக்கிறேன். சொல்லப்போனால் முதலாவது பொதுமக்களுக்கும் நல்லது, ஏனென்றால் ஒரு கம்பெனியின் ஓட்டையை இன்னொரு கம்பெனியைப் போல மோப்பம் பிடிக்க அரசால் முடியாது. ஆலையிலிருந்து எடுக்கும் பெரிய கம்பெனியும், நேரே கப்பலில் இறக்கும் சிறிய கம்பெனியும் ஒரே அறையில் இருந்தால் ஒன்று மறந்ததை மற்றொன்று எழுப்பிவிடும். மூன்றாவதுதான் வில்லங்கம். 25 டாலர் கூரையும் பாதிக் கணக்கும் 2009-இல் அரசு மொத்தப் பொருளாதாரத்துக்கும் போட்டவை, எரிபொருளுக்கு மட்டும் இல்லை. இடைக்காலம் என்று சொல்லி ஆரம்பித்த பாதிக் கணக்கு 2016 கடைசி வரை ஓடியது. 2017-இல் 67 சதவீதம், 2018-இல் 83 சதவீதம் என்று ஏறி 2019-இல்தான் ஒரு டன்னுக்கு ஓர் அலகு என்று முழுசானது. இதை எந்தக் குழு சொல்லி எந்த அமைச்சர் செய்தார் என்று யாரும் நிரூபிக்க முடியாது. நிரூபித்துவிட்டேன் என்று யாராவது எழுதியிருந்தால் சந்தேகத்தோடு படியுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் ஊகமும் கொஞ்சம் கலந்த இடம் இது. 2015 மே வரைக்கும் கம்பெனிகள் உள்நாட்டு அலகுக்குப் பதிலாகக் கியோட்டோ ஒப்பந்தத்தின் வெளிநாட்டு அலகுகளையும் எவ்வளவு வேண்டுமானாலும் ஒப்படைக்கலாம். உக்ரைன், ரஷ்யாவிலிருந்து வந்த அலகுகள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. 2013 வாக்கில் நியூசிலாந்து அலகே 2 டாலர் அளவுக்கு இறங்கிவிட்டது. அந்த விலையில் பெட்ரோலுக்கான கார்பன் செலவு லிட்டருக்குக் கால் சென்ட்கூட வராது. 3 சென்ட் என்று ஏறியது அதே வேகத்தில் இறங்கியதா? பங்க் விலையில் கச்சா எண்ணெய், டாலர் மாற்று, வரி, லாபம் எல்லாம் கலந்து கிடப்பதால் கார்பனை மட்டும் பிரித்தெடுப்பது கடினம். முழுக்க இறங்கவில்லை என்பது என் எண்ணம், சத்தியம் செய்ய மாட்டேன். போட்டி ஆணையம் 2019-இல் எரிபொருள் சந்தையை ஆராய்ந்து, மொத்த விற்பனையில் துடிப்பான போட்டி இல்லை, லாபம் இருக்க வேண்டியதைவிட அதிகம் என்று அறிக்கை கொடுத்தது. அந்த டேங்க் கடன் ஏற்பாட்டையும் அது விட்டுவைக்கவில்லை. அந்த ஆய்வு கார்பனைப் பற்றியது இல்லைதான். ஆனாலும் நாலைந்து போட்டியாளர்களை ஒரே மேஜையில் உட்காரவைக்கும்போது அரசு எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்று அது காட்டுகிறது. நான் போன ஆலோசனைக் கூட்டங்கள் எல்லாம் ஒருவர் எழுந்து, விலை, வாடிக்கையாளர், கொள்முதல் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று வாசிப்பதில்தான் தொடங்கும். டீ இடைவேளைக்கு அப்படி யாரும் வாசிப்பதில்லை.

யாருக்கு என்ன கிடைத்தது என்று பார்த்தால் சுவாரசியமானவை இரண்டு. வருடத்துக்கு 1 கோடி லிட்டருக்கு மேல் விமான எரிபொருள் வாங்குகிறவர், எண்ணெய்க் கம்பெனியை நம்பாமல் தானே அலகு வாங்கி ஒப்படைக்கும் வழி ஒன்றை விதியில் வைத்தார்கள். ஏர் நியூசிலாந்து அதில் போனது. கம்பெனி கேட்கும் கார்பன் விலையைக் கொடுப்பதைவிடச் சொந்தமாக வாங்குவது அவர்களுக்கு லாபமாக இருந்திருக்க வேண்டும். மீன்பிடித் தொழிலுக்கு ஒரு தடவை மட்டும் இலவச அலகு கொடுத்தார்கள். டீசல் விலை ஏறும், மீனை உலக விலைக்குத்தான் விற்க முடியும் என்பது காரணம். அந்த அலகு படகு ஓட்டி டீசல் போடுகிறவருக்குப் போகவில்லை, மீன்பிடி ஒதுக்கீடு, அதாவது இத்தனை மீன் பிடிக்கலாம் என்ற உரிமை, வைத்திருக்கும் உரிமையாளருக்குப் போனது. ஒதுக்கீட்டைக் குத்தகைக்கு எடுத்துக் கடலுக்குப் போகிறவர் டீசல் விலையைக் கொடுத்தார், அலகைக் கண்ணால் பார்க்கவில்லை.

மேஜையில் இல்லாதவருக்கு என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கதை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நடந்தது. அங்கே கார்பன் சந்தைக்கு 2021-இல் சட்டம், 2023 ஜனவரியில் நடைமுறை. விவசாயத்துக்குப் பயன்படும் எரிபொருளுக்கு விலக்கு என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் டிராக்டருக்குப் போகும் டீசலை மற்ற டீசலிலிருந்து டெர்மினல் எப்படிப் பிரிக்கும் என்று யோசித்து முடிக்கவில்லை. அங்கே சாலை வரி கட்டாத டீசலுக்குச் சிவப்புச் சாயம் கலப்பார்கள், நம் ஊரில் ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலம் கலக்கிற மாதிரி. ஆனால் அந்தச் சிவப்பு டீசல் விவசாயிக்கு மட்டும் இல்லை, கட்டட வேலை இயந்திரத்துக்கும் மரம் வெட்டும் இயந்திரத்துக்கும் போகும். சாயத்தை வைத்து விவசாயியைக் கண்டுபிடிக்க முடியாது. எதற்கு வம்பு என்று சப்ளை செய்தவர்கள் எல்லாருக்கும் கார்பன் கட்டணத்தைப் போட்டார்கள். சட்டப்படி விலக்குப் பெற்ற விவசாயி பில்லில் அதைக் கட்டினார். அதற்குப் பிறகுதான் மாநிலச் சுற்றுச்சூழல் துறை விவசாயிகளையும் விநியோகஸ்தர்களையும் கூப்பிட்டுக் குழு அமைத்துப் பேசியது. கடைசியில் 2024-இல் 3 கோடி டாலர் ஒதுக்கி, கட்டினவர்களுக்குத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்தார்கள். தொழில்துறை ஆட்கள் அதிகமாக உட்கார்ந்ததால் கெட்டுப்போன கதை இல்லை இது. சிறிய டீசல் வியாபாரியையும் விவசாயியையும் இந்த ஒரு கேள்வியோடு ஆரம்பத்திலேயே உட்காரவைத்திருந்தால் ஒரு மதியத்தில் தீர்ந்திருக்கும்.

ஐரோப்பா இதே சிக்கலை முன்கூட்டியே பார்த்துவிட்டது. 2023-இல் சட்டமான அவர்களின் இரண்டாவது சந்தை சாலைப் போக்குவரத்தையும் வீட்டுச் சூடாக்கலையும் எடுத்துக்கொள்கிறது, விவசாயத்தை விட்டுவிடுகிறது. விற்ற எண்ணெயில் எத்தனை பங்கு சந்தைக்குள் வரும் என்று காட்ட ஒரு தனிக் காரணியையே கணக்கில் வைத்தார்கள். 2025 முதல் கண்காணிப்பு தொடங்கியது. சந்தை முழுசாகத் தொடங்குவதை 2027-இலிருந்து 2028-க்குத் தள்ளினார்கள். தள்ளினது தொழில்நுட்பக் காரணத்தால் இல்லை, பெட்ரோல் விலை ஏறினால் வாக்காளர் என்ன செய்வார் என்ற பயத்தால். நிபுணர் குழு சுத்தமாக முடித்துக் கொடுத்த வேலையையும் அரசியல் இப்படித் தள்ளிவைக்கும்.

சரி, பூனை விஷயம். என் முடிவு இது: கம்பெனியைக் கூப்பிட்டதில் தப்பில்லை, அவர்களிடம் எந்தக் கேள்வியைக் கொடுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். மீட்டர் எங்கே, லிட்டரை எப்படித் திருத்துவது, எந்தப் படிவம், எந்தத் தேதி, இதையெல்லாம் அவர்களிடம் தாராளமாகக் கேட்கலாம். யாருக்கு இலவசம், விலைக்குக் கூரை எவ்வளவு, எப்போது தொடங்குவது, இதைக் கேட்கக் கூடாது. கலிஃபோர்னியா ஓரளவு இப்படித்தான் பிரித்தது. அலகை ஏலம் விடுவதா இலவசமாகக் கொடுப்பதா என்ற பணக் கேள்விக்கு 2009-இல் ஸ்டான்ஃபோர்டின் லாரன்ஸ் கோல்டர் தலைமையில் பெரும்பாலும் பொருளாதார அறிஞர்களைக் கொண்ட தனிக் குழுவை வைத்தார்கள். முக்கியமாக ஏலத்தையே நம்புங்கள் என்று 2010-இல் அது சொன்னது. போக்குவரத்து எரிபொருளுக்கு அங்கேயும் இலவச ஒதுக்கீடு இல்லை. ஆனால் கம்பெனிகள் அறைக்கு உள்ளே மட்டும் பேசுவதில்லை. 2014-இல் வெளியே கசிந்த ஒரு விளக்கக்காட்சியில், எண்ணெய்க் கம்பெனிகளின் மேற்கு மாநிலச் சங்கம், ஓட்டுநர்கள் கூட்டணி என்ற மாதிரிப் பெயர்களில் பொதுமக்கள் அமைப்பு போலத் தோன்றும் ஒரு வரிசை அமைப்புகளைத் தன் பிரசாரக் கருவிகளாகக் காட்டியிருந்தது. அறைக்கு உள்ளே ஒரு பொறியாளர் அடர்த்தி அட்டவணையை விளக்கிக்கொண்டிருப்பார், அவருக்குச் சம்பளம் கொடுக்கும் இடமே வெளியே ஒளித்துவைத்த வரி என்று கூச்சல் போட ஆள் வைக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும், அந்தப் பொறியாளர் சொன்ன அட்டவணை சரியாகவே இருக்கும். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று நம் ஆட்கள் சொல்வது இதற்குத்தான் பொருந்தும்.

ஒரு குழுவை எடைபோட ஒரு வழி சொல்கிறேன். ஐரோப்பிய ஆணையத்தின் நிபுணர் குழுப் பதிவேட்டைத் திறந்தால் ஒவ்வோர் உறுப்பினரும் எந்த வகை என்று எழுத்துப் போட்டிருக்கும். தன் சொந்தப் பெயரில் வந்தவர் ஒரு வகை, ஒரு தரப்பின் நலனைப் பேச வந்தவர் இன்னொரு வகை, அமைப்பாகவே வந்தது வேறு வகை, அரசு அதிகாரி தனி. சொந்த ஹோதாவில் வந்த பேராசிரியரும் சங்கத்தின் சம்பளத்தில் வந்தவரும் ஒரே பட்டியலில் நிபுணர் என்று நிற்க முடியாது. நியூசிலாந்துக் குழுக்களின் தாள்களைப் படிப்பதானாலும் முதலில் உறுப்பினர் பட்டியலையும், அரசு அவர்களிடம் கொடுத்த கேள்விப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். பரிந்துரைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இந்தியாவைப் பற்றிக் கேட்டீர்கள். 2023-இல் அறிவித்த கார்பன் வர்த்தகத் திட்டத்தில் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. ஆனால் அது ஆலை தன் உற்பத்திக்கு எவ்வளவு உமிழ்கிறது என்ற விகிதத்தைத்தான் பார்க்கிறது. நீங்கள் பைக்கில் எரிக்கும் பெட்ரோல் அதில் இல்லை. ஒரு நாள் அது வந்தால், கணக்குப் போக ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது: பெட்ரோல், டீசல் இன்னும் ஜிஎஸ்டிக்கு வெளியே, மத்திய கலால் ஆலை வாசலிலேயே விழுகிறது. குழுவில் உட்கார வேண்டியவர்களில் பெரும்பாலோர் இந்தியன் ஆயில், பாரத், இந்துஸ்தான் என்ற மூன்று பொதுத்துறை நிறுவனங்களாகத்தான் இருப்பார்கள். விதி எழுதுகிற அரசும் கம்பெனியின் முதலாளியும் ஒருவரே என்றால் நான் இதுவரை சொன்னதில் எவ்வளவு பொருந்தும் என்பது தனிக் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல பொதுத்துறைக்குள் வேலை பார்த்த ஒருவர் வேண்டும், நான் பார்த்ததில்லை.